அம்மன் முன்னால் செய்த சத்தியத்தை மீறி ஓட்டுப் போடலாமா?

கேள்வி: ஐயா வணக்கம். எனக்கு 53 வயது. பினாங்கு கெலுகோரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். 2023 சட்டமன்றத் தேர்தல் சமயம், ஓர் ஆடி வெள்ளிப் பூசை முடிந்ததும் எங்கள் குடியிருப்புக் கோயில் தலைவர் யாரையும் கிளம்ப விடவில்லை. ஒரு கட்சிக்காரர் அனுப்பியதாக அரிசி, சமையல் எண்ணெய், மைலோ எல்லாம் போட்ட பையை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அப்புறம் பித்தளைத் தட்டில் சூடம் ஏற்றி, "இன்னாருக்குத்தான் ஓட்டு" என்று தொட்டுச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். பக்கத்தில் ஒருவர் நோட்டில் பெயர் குறித்துக்கொண்டே வந்தார். நான் செய்தேன், சொன்னபடி ஓட்டும் போட்டேன். என் மகளுக்கு அப்போது 19 வயது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அன்றோடு கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சாமியும் இல்லை, மரியாதையும் இல்லை" என்று தலைவர் எல்லார் முன்னாலும் சொன்னது இன்னும் வலிக்கிறது. இப்போது அடுத்த தேர்தல் பேச்சு வந்துவிட்டது. அந்தச் சத்தியம் கட்சிக்குச் செய்தது, ஆயுசுக்கும் நிற்கும் என்கிறார் தலைவர். எனக்கு மாற்றிப் போட வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் வீட்டில் எட்டு மாதப் பேரன் இருக்கிறான். சத்தியத்தை மீறி அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைத்து ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. நான் செய்தது தப்பா, மகள் செய்தது தப்பா? கோயிலில் அரசியலே பேசக் கூடாதா?

பதில்:

சகோதரி, தாராளமாக மாற்றிப் போடலாம். அந்தச் சத்தியம் சட்டத்தில் செல்லாது, நான் நம்புகிற சைவ நெறியிலும் செல்லாது. உங்கள் பேரனுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. நீங்கள் தூக்கமில்லாமல் இருப்பதாக எழுதியதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை நிதானமாகப் படியுங்கள்.

நான் வழக்கறிஞர், அதனால் சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். நம் மலேசியாவில் 1954-ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 9-ஆம் பிரிவு, ஒருவரை இன்னாருக்கு ஓட்டுப் போட வைப்பதற்காக அடிப்பதையும் மிரட்டுவதையும் மட்டும் குற்றம் என்று சொல்லவில்லை. உலக வாழ்க்கையில் ஒரு கெடுதல் வரும் என்று பயமுறுத்தினாலும் குற்றம், ஆன்மிக வகையில் ஒரு கெடுதல் வரும் என்று பயமுறுத்தினாலும் குற்றம் என்கிறது. அதாவது "அம்மன் தண்டிப்பாள்" என்று சொல்லி ஓட்டு வாங்குவதும், ஆளை வைத்து மிரட்டி ஓட்டு வாங்குவதும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே பிரிவில் வருகிற குற்றங்கள். இந்தப் பிரிவை வாசித்துக் காட்டினால் ஆச்சரியப்படாத கட்சிக்காரர் அரிது, நம்மவர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இந்த வாசகம் இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து நமக்கு வந்தது. 1872-ல் அயர்லாந்தின் கால்வே தொகுதியில் கத்தோலிக்கப் பாதிரிமார்கள் மக்களைப் பயமுறுத்தி ஒருவருக்கு ஓட்டுப் போட வைத்தார்கள் என்று வழக்கு நடந்து, ஜெயித்தவருடைய பதவியே பறிபோனது. ஆக, சாமி பெயரைச் சொல்லி ஓட்டைக் கட்டிப்போடுகிற பழக்கம் நம் கோயிலில் முளைத்ததும் இல்லை, நம் மதத்துக்கு மட்டும் உரியதும் இல்லை. பக்தி உள்ளவர்கள் எங்கே இருந்தாலும் அந்தப் பக்தியைக் கைப்பிடியாகப் பிடித்து இழுக்கிறவர்கள் வந்துவிடுகிறார்கள்.

அப்புறம் அந்தப் பை. ஓட்டுக்காக அரிசி, எண்ணெய் கொடுப்பது அதே சட்டத்தின் கீழ் தனிக் குற்றம். இதற்கெல்லாம் 2 ஆண்டு வரை சிறையும் 5,000 ரிங்கிட் வரை அபராதமும் உண்டு. அரிசி மூட்டைக்கெல்லாம் யார் வழக்குப் போடப் போகிறார்கள் என்று நினைப்போம். 2018 பொதுத்தேர்தலில் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் பூர்வகுடி வாக்காளர்களுக்கும் அவர்களுடைய கிராமத் தலைவர்களுக்கும் பணம் கொடுக்கப்பட்டது என்று நிரூபணமாகி, அந்த ஆண்டு நவம்பரிலேயே தேர்தல் நீதிமன்றம் முடிவை ரத்து செய்தது. 2019 ஜனவரியில் அங்கே இடைத்தேர்தல் நடந்தது. அந்த வழக்கில் பேசப்பட்ட தொகைகள் ஒன்றும் லட்சங்கள் இல்லை, சில பேருக்கு 30 ரிங்கிட்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓட்டுக்காகக் கொடுப்பவர் மட்டுமல்ல, ஓட்டுக்காக வாங்குபவரும் சட்டத்தில் சிக்கலாம். பூசை முடிந்து எல்லாரையும் நிற்க வைத்துக் கையில் திணித்த பையை வாங்கிக்கொண்ட ஓர் அம்மாவை யாரும் தேடி வரப்போவதில்லை என்பது என் கணிப்பு. இருந்தாலும் இனி ஒரு பை நீண்டால் கையைக் கூப்பி "வேண்டாங்க" என்று சொல்லிவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

"ஆயுசுக்கும் நிற்கும்" என்ற பேச்சைப் பாருங்கள். சட்டவிரோதமான ஒன்றுக்காகச் செய்துகொள்ளும் எந்த ஒப்பந்தமும் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி தொடக்கத்திலிருந்தே வெறும் காற்று. ஓட்டை விற்கிற ஒப்பந்தம் அந்த வகை. ஐந்து நிமிடத்துக்குக்கூட நிற்காத ஒன்றை ஆயுசுக்கும் நிற்கும் என்று அவர் சொல்வதற்கு ஒரே காரணம், நீங்கள் அதை நம்புகிறீர்கள் என்பதுதான்.

நோட்டில் பெயர் குறித்தவரைப் பற்றியும் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள், நான் யாருக்குப் போட்டேன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று. தெரியாது. வாக்குச்சாவடியில் உங்கள் பகுதி வாக்காளர்களை வயது வாரியாக சாலுரான் சாலுரானாக (தனித்தனி வாக்களிப்பு வரிசைகளாக) பிரிப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஒரு சாலுரானில் நூற்றுக்கணக்கான பேர் ஓட்டு ஒரே பெட்டியில் விழுகிறது, அங்கேயே எண்ணுகிறார்கள். அந்த சாலுரானில் எந்தக் கட்சிக்கு எத்தனை என்று கட்சிக்காரர்களுக்குத் தெரியும். அதை வைத்து "வயசானவங்க நம்ம பக்கம், சின்னப் பிள்ளைங்க அந்தப் பக்கம்" என்று கணக்குப் போடுவார்கள், அவ்வளவுதான். இடது ஆள்காட்டி விரலில் மையை வைத்தபின் மறைப்புக்குப் பின்னால் நீங்களும் ஒரு பேனாவும் ஒரு சீட்டும் மட்டும்தான். அந்த நோட்டில் இருப்பது உங்கள் பெயர்தான். உங்கள் ஓட்டு அதில் ஏறவே முடியாது.

சரி, சட்டம் இருக்கட்டும். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது தேர்தல் ஆணையம் இல்லை, அம்மன். நான் குருக்கள் இல்லை, ஆகமம் படித்தவனும் இல்லை. சின்ன வயதிலிருந்து திருநீறு பூசி, தேவாரம் பாடி வளர்ந்த ஒரு சாதாரணச் சைவன். அந்த அளவில் என் நம்பிக்கையைச் சொல்கிறேன்.

என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்தவர்கள் நிறைய. கூட்டுப் பணத் தகராறு, அண்ணன் தம்பி வீட்டுச் சண்டை, நகை காணாமல் போனது, இப்படி எல்லாவற்றுக்கும் சூடம் ஏற்றுகிறார்கள். அங்கெல்லாம் சத்தியத்துக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. "நான் எடுக்கவில்லை" என்று ஒருவர் சொல்கிறார், தனக்கு மட்டும் தெரிந்த ஓர் உண்மைக்குத் தெய்வத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார். அதில் பொய் சொன்னால் மனசாட்சி சுடும், சுடவும் வேண்டும். உங்கள் கோயிலில் நடந்தது என்ன? நீங்கள் எந்த உண்மைக்கும் சாட்சி சொல்லவில்லை. அம்மனிடம் நீங்களாகப் போய் எதையும் நேர்ந்துகொள்ளவும் இல்லை. யாரோ ஒருவர் தன் வேலை நடக்க உங்களை வரிசையில் நிறுத்தி, உங்களுக்கும் உங்கள் தாய்க்கும் நடுவில் ஒரு தட்டை நீட்டினார். அந்தத் தட்டில் எரிந்தது சூடம்தான், ஆனால் அது ஆராதனை இல்லை. அதற்குத் தெய்வம் பொறுப்பு ஏற்க வேண்டும் என்று நாம் நினைப்பதே தெய்வத்தைச் சின்னதாக்குவது.

பிள்ளை பிறந்தால் முதல் முடி எடுக்க, காது குத்த, அம்மை போட்டால் வேப்பிலை வைக்க, நாம் யாரிடம் ஓடுகிறோம்? அந்தத் தாய் ஒரு சட்டமன்றத் தொகுதியின் ஓட்டுக் கணக்குக்காக எட்டு மாதக் குழந்தையைத் தண்டிப்பாள் என்று ஒருவர் உங்களை நம்ப வைத்திருக்கிறாரே, அதுதான் எனக்குக் கோபம் வருகிற இடம். அரிசியைக்கூட மன்னித்துவிடுவேன். ஒரு பாட்டியின் மனதில் பேரப்பிள்ளையைப் பணயமாக வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பல்லவ மன்னனிடமிருந்து ஆள் வந்து அழைத்தபோது அப்பர் பாடியது உங்களுக்கும் தெரிந்திருக்கும், கோயிலில் ஓதுவார் பாடக் கேட்டிருப்பீர்கள்: "நாமார்க்குங் குடியல்லோம் நமனை யஞ்சோம்". சிவனுக்கு ஆட்பட்டவன் வேறு யாருக்கும் குடிமகன் இல்லை, எமனுக்கும் பயப்படமாட்டான் என்று அரசனின் ஆட்களுக்கு முன்னாலேயே சொன்னவர் அவர். நம் சமயத்துக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவு இந்தப் பாட்டில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பக்தி பயத்தை எடுக்க வேண்டும். பூசை முடிந்து வெளியே வருகிறவர் உள்ளே போனதைவிட அதிகப் பயத்தோடு வந்தால், அங்கே நடந்தது பூசை இல்லை.

இவ்வளவு சொல்லியும் மனம் ஆறவில்லை என்றால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பயம் வாதத்தால் மட்டும் போகாது. கூட்டம் இல்லாத ஒரு காலையில் பேரனைத் தூக்கிக்கொண்டு போங்கள். உங்கள் குடியிருப்புக் கோயிலுக்குப் போகப் பிடிக்கவில்லை என்றால் குயின் வீதி மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள், 1833-லிருந்து பினாங்குத் தமிழர்கள் கவலையை இறக்கிவைத்த இடம் அது. அவன் பெயர், நட்சத்திரம் சொல்லி ஓர் அர்ச்சனை செய்யுங்கள். நடந்ததை உங்கள் வாயால் அம்மனிடமே சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் பரிகாரம் என்று யாராவது பெரிய தொகை கேட்டால் கொடுக்காதீர்கள், ஒரு பயத்தை வைத்து இரண்டு பேர் சம்பாதிக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் மகள். அவள் செய்தது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். அன்றைக்கு அந்த மண்டபத்தில் அம்மனுக்கு உரிய மரியாதையைக் கொடுத்தவள் அவள் ஒருத்திதான் என்று நான் நினைக்கிறேன். 19 வயதில், பெரியவர்கள் எல்லாம் கை நீட்டும்போது, தாயும் நீட்டும்போது, தான் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வது லேசான காரியமா? சாமி இல்லை என்று நினைக்கிறவள் சூடத்தைத் தொட்டுவிட்டு, இஷ்டப்பட்டவருக்குப் போட்டுவிட்டு, மைலோவையும் எடுத்துக்கொண்டு போயிருப்பாள். பொய்ச் சத்தியம் செய்யக் கூடாது என்று பட்டதால்தான் அவள் வெளியே போனாள். 2019-ல் அரசியலமைப்பைத் திருத்தி, 2021 டிசம்பரிலிருந்து 18 வயதுக்காரர்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தார்கள். பழைய சட்டம் இருந்திருந்தால் அவளுக்கு அந்தத் தேர்தலில் ஓட்டே இல்லை. புதிதாகக் கையில் வந்த உரிமையை முதல் நாளே இன்னொருவர் தட்டில் வைக்க மறுத்தாள்.

தலைவர் சொன்ன "இந்தக் காலத்துப் பிள்ளைகள்" பேச்சுக்கு எனக்கும் ஒரு பதில் இருக்கிறது. எனக்கும் இந்தக் காலத்துப் பழக்கங்கள் பலவற்றில் உடன்பாடு இல்லை, பழைய ஆள்தான் நான். சடங்குகளைக் கைப்பேசியில் படம்பிடித்துக் கிண்டல் செய்வது எனக்குப் பிடிக்காது, தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலில் குத்துப்பாட்டு போடுவதும் பிடிக்காது. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ஒவ்வொரு தைப்பூசத்துக்கு முன்னாலும் உடை எப்படி இருக்க வேண்டும், பந்தலில் என்ன பாட்டு போட வேண்டும் என்று பெரியவர்கள் அறிக்கை விடுகிறோம். கோயில் மேடையில் ஓட்டுக்குச் சூடம் ஏற்றாதீர்கள் என்று ஓர் அறிக்கை நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் இரண்டையும் பார்க்கிறார்கள். ரவிக்கையின் கைநீளத்தை அளக்கிறவர்களுக்கு இது கண்ணில் படவில்லையா என்று அவர்களுக்குத் தோன்றுகிறது, அந்தக் கேள்வி நியாயமானது. கோயில் காலியாவதற்குக் கைப்பேசியும் கல்லூரியும்தான் காரணம் என்று சொல்வது நமக்கு வசதியாக இருக்கிறது, அதனால் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் அவள் கோயிலையே விட்டது பற்றி அவளோடு எனக்கு வழக்கு உண்டு. இதை அவளிடம் படித்துக் காட்டுங்கள். தம்பிடி தம்பிடியாகச் சேர்த்துத் தகரக் கொட்டகையில் தொடங்கி, தலைமுறை தலைமுறையாகக் கட்டிய கோயில்கள் இவை. தலைவர் பதவிக்கு நாலு வருஷம் வந்தவர் தப்பாக நடந்தால், வெளியே போக வேண்டியது அவர். அவள் வெளியே போனால் அவருக்குக் கேள்வி கேட்க ஆள் குறைந்ததுதான் மிச்சம்.

அப்புறம், நீங்கள் செய்தது தப்பா என்ற கேள்வி. உங்கள் பெயரைக் கூப்பிட்டு, அக்கம்பக்கத்தார் எல்லாரும் பார்க்க, எதிரே அம்மன், கையில் பை. அந்த இடத்தில் மறுக்க முடியாமல் போனதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். மகள் திட்டு வாங்கியபோது நீங்கள் பேசாமல் இருந்ததுதான் உங்களை அதிகமாக உறுத்துகிறது என்று கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது. அதை இப்போதுகூட அவளிடம் பேசலாம். விளக்கம் எல்லாம் வேண்டாம், "அன்னைக்கு நீ செஞ்சதுதான் சரி" என்று ஒரு வரி போதும்.

கோயிலில் அரசியலே பேசக் கூடாதா? பேசலாம் என்பது என் கருத்து, இதில் பலரோடு நான் மாறுபடுகிறேன். 2007 அக்டோபர் இறுதியில் ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயிலை இடித்தார்கள். அடுத்த மாதம் 25-ஆம் தேதி ஆயிரக்கணக்கான தமிழர்கள் கோலாலம்பூர் தெருவில் நின்றார்கள், முதல் நாள் இரவே பத்துமலையில் கூடியவர்கள் அதில் நிறையப் பேர், போலீஸார் தண்ணீர் பீய்ச்சியடித்தும் கண்ணீர்ப்புகை விட்டும் கலைத்தார்கள். அது அரசியல் இல்லையா? கோயிலுக்கும் அதற்கும் தொடர்பு இல்லையா? அவர்களில் யாரையும் சூடம் ஏற்றி யாரும் கட்டிப்போடவில்லை, தாங்களாக வந்தார்கள். குடியிருப்பில் லிஃப்ட் வேலை செய்யவில்லை, தமிழ்ப்பள்ளிக்கு நிலம் வேண்டும், குடியுரிமைப் பத்திரம் இல்லாத பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்றெல்லாம் அன்னதானப் பந்தியில் உட்கார்ந்து பேசினால் அது கோயிலுக்கு அழகு. இன்னாருக்கு ஓட்டுப் போடு என்று சொன்னால் அது கட்சி அலுவலகம். மற்ற மதத்துக்காரர்கள் செய்யவில்லையா என்று கேட்பார்கள். சிலாங்கூரில் மசூதிகளையும் சுராவ் எனும் சிறு தொழுகைக்கூடங்களையும் கட்சி அரசியலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சுல்தானே பலமுறை சொல்லியிருக்கிறார். அங்கேயும் இதே கவலை இருக்கிறது.

"ஒய்.பி. (தொகுதியின் மக்கள் பிரதிநிதி) கூரைக்குப் பணம் கொடுத்தார், நன்றி வேண்டாமா" என்றும் சொல்வார்கள், இந்த வாதம் எல்லாக் கோயிலிலும் ஓடுகிறது. பினாங்கில் முஸ்லிம் அல்லாதவர் வழிபாட்டுத் தலங்களுக்கு ரிபி என்ற மாநில நிதி இருக்கிறது, கோயில் நிர்வாகம் முறைப்படி மனுப் போட்டுக் கேட்பது அது. யார் மாதிரிக் காசோலையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டாலும் அது பொதுப்பணம், உங்கள் கணவர் கட்டிய வரியும் அதில் இருக்கிறது. வந்தவருக்கு மாலை போட்டு நன்றி சொல்லலாம், அதோடு கணக்குத் தீர்ந்தது.

என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். 2023 தேர்தலை இனி ஒன்றும் செய்ய முடியாது. முடிவு அரசிதழில் வந்த 21 நாளுக்குள் தேர்தல் மனு போட்டிருக்க வேண்டும். அடுத்த தேர்தலில் மறுபடியும் தட்டு வந்தால் தேதி, நேரம், யார் என்ன சொன்னார் என்பதை அன்றைக்கே எழுதிவையுங்கள். பார்த்த இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் போலீஸிலோ ஊழல் தடுப்பு ஆணையத்திலோ புகார் கொடுக்கலாம். உங்கள் கையிலும் ஒரு பை வந்திருப்பதால், போகும் முன் ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டுப் போங்கள். ஒரே மாடியில் வாழ்கிறவர்களோடு மோத வேண்டாம் என்று நினைத்தால் அதுவும் புரிகிறது, புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

புகாரைவிட எனக்கு நம்பிக்கையான வழி வேறு. உங்கள் கோயில் சங்கப் பதிவிலாகாவில் பதிந்ததா, இந்து அறநிலைய வாரியத்தின் கீழ் வருகிறதா என்று முதலில் விசாரியுங்கள். சங்கமாகப் பதிந்தது என்றால் 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் கணக்கையும் பொறுப்பாளர் பட்டியலையும் பதிவிலாகாவுக்கு அனுப்பியாக வேண்டும். நீங்களும் மகளும் சந்தா கட்டி உறுப்பினராகுங்கள். சட்டவிதிப் புத்தகத்தை வாங்கி, கோயில் எதற்காக அமைக்கப்பட்டது என்ற பகுதியைப் படியுங்கள். கூட்டத்தில், கோயில் வளாகத்தில் கட்சிப் பிரச்சாரமும் ஓட்டுச் சத்தியமும் கூடாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவர முடியும். எத்தனை நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் புத்தகத்திலேயே இருக்கும். அன்றைக்குச் சூடம் தொட்டவர்களில் பாதிப் பேராவது உங்களைப் போலவே வீட்டில் புழுங்கிக்கொண்டிருப்பார்கள், ரகசிய வாக்கெடுப்பு கேளுங்கள்.

தீர்மானத்தை எழுத உங்கள் மகளால் முடியும். எழுதியதும், சட்டவிதிப் புத்தகத்தின் பக்கங்களையும் சேர்த்துப் படம் எடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பச் சொல்லுங்கள். எங்கே வார்த்தை இடிக்கிறது என்று பார்த்துத் திருத்தித் தருகிறேன், கட்டணம் எதுவும் வேண்டாம்.